மகளின் பொறியியல் படிப்பு, மகனின் பள்ளிப் படிப்பு: முன்னாள் படைவீரர் குடும்பத்துக்கு உள்ள கல்வி உதவிகள் எவை?

நாகலூர் தாய் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் ஏற்காடு வட்டத்தில் நாகலூர் அருகே வசிக்கிறோம். என் கணவர் மெட்ராஸ் ரெஜிமெண்டில் 17 ஆண்டுகள் பணியாற்றி, நாயக் நிலையில் ஓய்வு பெற்றவர். இப்போது ஒரு காபித் தோட்டத்தில் மேற்பார்வை வேலை பார்க்கிறார். எங்கள் மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் 74 விழுக்காடு பெற்று, இந்த ஆண்டு கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியில் முதலாம் ஆண்டு சேர்ந்திருக்கிறாள். மகன் எட்டாம் வகுப்பை முடித்து ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறான்.

ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஓய்வூதியத்தைத் தவிர வேறு எந்த உதவிக்கும் நாங்கள் விண்ணப்பித்ததில்லை. கேட்டவர்களில் ஒருவர் பிரதமர் உதவித்தொகை உண்டு என்கிறார். மற்றொருவர் அது போரில் உயிர்நீத்தவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்கிறார். கணினி மையத்தில் விண்ணப்பம் செய்து கொடுக்கும் ஒருவரோ, ஒரு தொகை கொடுத்தால் தானே அனைத்தையும் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். மலையிலிருந்து இறங்கிச் சேலத்துக்கு ஒரு முறை போய் வருவதென்றால் என் கணவருக்கு ஒரு நாள் கூலி போய்விடும். ஆகவே எந்த உதவிக்கு எங்களுக்குத் தகுதி உண்டு, எந்தெந்தத் தாள்களைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு ஒரே பயணத்தில் வேலையை முடிக்க விரும்புகிறோம். அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஓமலூர் சுபேதார் (ஓய்வு)

வணக்கம் சகோதரி. முதலில், அந்தக் கணினி மையத்துக்காரரிடம் பணம் கொடுக்க வேண்டாம். இந்த விண்ணப்பங்களுக்குக் கட்டணம் கிடையாது. சேலத்திலுள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் அவற்றைச் சரிபார்த்துப் பரிந்துரைப்பதற்கும் பணம் செலுத்த வேண்டியதில்லை.

உங்கள் மகளுக்குரியது பிரதமரின் கல்வி உதவித்தொகைத் திட்டம். முன்னாள் படைவீரர் நலனைக் கவனிக்கும், டில்லியிலுள்ள கேந்திரிய சைனிக் வாரியம் அதை நடத்துகிறது. போரில் உயிர்நீத்தவர்களின் குடும்பத்துக்கு மட்டும்தான் என்று உங்களிடம் சொன்னவர் பாதி மட்டுமே அறிந்தவர். விண்ணப்பங்களை ஆறு பிரிவுகளாகப் பிரித்து முன்னுரிமை தருகிறார்கள். போரில் உயிர்நீத்தவர்கள், போரில் உடல் ஊனமுற்றவர்கள், பணிக் காரணத்தால் பணியில் இருக்கும்போதே இறந்தவர்கள், அவ்வாறே ஊனமுற்றவர்கள், வீரப் பதக்கம் பெற்றவர்கள் ஆகியோரின் குடும்பங்கள் முதல் ஐந்து பிரிவுகளில் வருகின்றன. அதிகாரி நிலைக்குக் கீழ் பணியாற்றி ஓய்வு பெற்ற மற்ற அனைவரின் பிள்ளைகளும் ஆறாவது பிரிவைச் சேர்ந்தவர்கள். நாயக் நிலையில் ஓய்வு பெற்றவரின் மகள் என்பதால் உங்கள் பெண் இந்த ஆறாவது பிரிவில் வருவாள்.

இத்திட்டத்தில் பெண்களுக்கு மாதம் 3,000 ரூபாயும், ஆண்களுக்கு 2,500 ரூபாயும் கணக்கிட்டு, ஆண்டுக்கு ஒரு முறை மாணவரின் வங்கிக் கணக்கிலேயே செலுத்துகிறார்கள். அதன்படி உங்கள் மகளுக்கு ஆண்டுக்கு 36,000 ரூபாய். நான்கு ஆண்டுகளும் தொடர்ந்தால் 1,44,000 ரூபாய். நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 5,500 பேர், அதில் பெண்கள் 2,750, ஆண்கள் 2,750 என்று வரையறுத்திருக்கிறார்கள். ஆறாவது பிரிவில் போட்டி மிகுதி. மதிப்பெண் வரிசைப்படிதான் தேர்வு நடக்கும். குறைந்தது 60 விழுக்காடு தேவை என்ற வரம்பை உங்கள் மகள் தாண்டியிருக்கிறாள் என்றாலும், விண்ணப்பித்த எல்லாருக்கும் கிடைத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். முதலாம் ஆண்டில் சேர்ந்திருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். இரண்டாம் ஆண்டுக்குப் போன பிறகு, "போன வருடம் எங்களுக்குத் தெரியாது" என்று சொன்னால் ஏற்க மாட்டார்கள். பட்டயப் படிப்பு முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்பவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. கடைசி நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், வாரியத்தின் இணையதளத்தை இன்றே பாருங்கள். உதவி கிடைத்த பின்னும் ஒவ்வோர் ஆண்டும் 50 விழுக்காட்டுக்குக் குறையாமல் மதிப்பெண் பெற்றால்தான் அடுத்த ஆண்டுத் தொகை வரும் என்பதை மகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

மகனுக்கு இது பொருந்தாது. இது தொழிற்கல்விக்கு மட்டுமானது. அவனுக்குப் பாதுகாப்பு அமைச்சரின் முன்னாள் படைவீரர் நல நிதியிலிருந்து கல்வி மானியம் உண்டு. ஹவில்தார் நிலை வரை பணியாற்றியவர்களின் பிள்ளைகள் இருவருக்கு, ஒன்றாம் வகுப்பு முதல் பட்டப்படிப்பு வரை, மாதம் 1,000 ரூபாய் வீதம் தருகிறார்கள். நான் அதற்கு மேலான சுபேதார் நிலையில் ஓய்வு பெற்றதால் என் பிள்ளைகளுக்கு இது கிடைக்கவில்லை, நாயக் நிலை ஹவில்தாருக்குக் கீழ் என்பதால் உங்களுக்குக் கிடைக்கும். முடித்த வகுப்புக்கே இந்த மானியம் என்பதால், எட்டாம் வகுப்பில் 50 விழுக்காட்டுக்கு மேல் பெற்றதைக் காட்டும் மதிப்பெண் பட்டியலைத் தலைமையாசிரியரிடம் கையொப்பத்துடன் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆத்தூர் ஆசிரியை

ஐயா சொன்னவற்றில் ஒரு திருத்தம் மட்டும் தேவைப்படுகிறது. கல்வி மானியத்தை மாதம் 2,000 ரூபாயாக உயர்த்தி 2025 அக்டோபரில் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. 2025 நவம்பர் 1 முதல் அளிக்கப்படும் விண்ணப்பங்களுக்கு உயர்த்திய தொகை பொருந்தும். அதே பிள்ளைக்கு மாநில அரசிடமிருந்தோ, தந்தை இப்போது வேலை செய்யும் இடத்திலிருந்தோ கல்விப்படி பெற்றுக்கொண்டிருந்தால் இந்த மானியம் கிடைக்காது. தோட்டத்தில் அப்படி ஏதும் கொடுக்கிறார்களா என்று உங்கள் கணவரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள் அம்மா.

இனி நான் சொல்லப்போவது என் குடும்பத்தில் நடந்தது. என் அண்ணன் படையிலிருந்து வந்தவர். அவருடைய மகள் செவிலியர் பட்டப்படிப்பில் சேர்ந்தபோது எல்லாத் தாள்களையும் அடுக்கி எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குச் சென்றோம். ஓய்வின்போது படையில் தரும் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் குழந்தையின் பெயர் ஒரு விதமாகவும், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் வேறு எழுத்துக்கூட்டலிலும் இருந்தது. பிறந்த தேதியிலும் ஒரு நாள் வேறுபாடு. குழந்தை பிறந்தபோது அண்ணன் எல்லையில் இருந்ததால், ஊரிலிருந்து போன கடிதத்தைப் பார்த்து யாரோ ஓர் எழுத்தர் பதிந்திருக்கிறார். பதினெட்டு ஆண்டுகள் யாருமே அதைப் பார்க்கவில்லை. திருத்தத்துக்கு எழுதிப்போட்டு, படையின் ஆவணக் காப்பு அலுவலகத்திலிருந்து பதில் வந்து சேர்வதற்குள் கடைசி நாள் கடந்துவிட்டது. முதலாம் ஆண்டில் விண்ணப்பிக்க முடியாததால் நான்கு ஆண்டுத் தொகையும் போயிற்று. அண்ணன் அன்று வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருந்தது இன்றும் என் நெஞ்சில் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

எனவே சேலத்துக்குப் புறப்படும் முன், வீட்டிலேயே நான்கு தாள்களை அருகருகே வைத்துப் பாருங்கள்: டிஸ்சார்ஜ் புத்தகம், மகளின் பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம். நம் ஊரில் தலைப்பெழுத்துடன் பெயர் எழுதுகிறோம். படை ஆவணங்களிலோ தகப்பன் பெயரைப் பின்னால் சேர்த்து விரித்து எழுதிவிடுகிறார்கள். அது மட்டும் வேறுபட்டிருந்தால் விளக்கிவிடலாம். எழுத்துக்கூட்டலோ பிறந்த தேதியோ மாறியிருந்தால், பிறப்புச் சான்றிதழையும் உறுதிமொழிப் பத்திரத்தையும் இணைத்து, மாவட்ட அலுவலகத்தின் வழியாக ஆவணக் காப்பு அலுவலகத்துக்கு எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் அது வெலிங்டனில் இருக்கிறது. ஸ்பர்ஷ் என்னும் படைத்துறை ஓய்வூதிய இணையதளத்தில் உங்கள் கணவரின் கணக்கில் பிள்ளைகளின் விவரம் சரியாக இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று: மகள் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள் என்றால், மாநில அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கும் தகுதி உண்டு. வேறு கல்வி உதவித்தொகை பெற்றாலும் இதைக் கூடுதலாகப் பெறலாம். கல்லூரி வழியாகவே விண்ணப்பம் போகும்.

அடுத்த ஆண்டு கலந்தாய்வுக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோர் இதைப் படித்தால், தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையில் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கு 150 இடங்கள் தனியே உள்ளன என்பதைக் கவனத்தில் கொள்ளவும். அதற்கு மாவட்ட அலுவலகம் தரும் சார்ந்தோர் சான்று வேண்டும். மதிப்பெண் வரும் வரை காத்திருக்காமல் முன்பே வாங்கி வைப்பது நல்லது.

மேட்டூர் வாசகர்

என் மாமா மத்திய ரிசர்வ் போலீஸ் படையில் இருந்தவர். அவர் பிள்ளைகளுக்கும் பிரதமர் உதவித்தொகை கிடைத்தது. அவர்கள் சைனிக் வாரியத்துக்குப் போகவில்லை. தேசிய உதவித்தொகை இணையதளத்தில்தான் விண்ணப்பித்தார்கள். நாகலூர் அம்மாவும் அதில் விண்ணப்பிக்கலாமே?

ஓமலூர் சுபேதார் (ஓய்வு)

தம்பி, பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் வெவ்வேறு திட்டங்கள். உங்கள் மாமா குடும்பத்துக்குக் கிடைத்தது உள்துறை அமைச்சகத்தின் கீழுள்ள துணை ராணுவப் படையினருக்கானது. தரைப்படை, கடற்படை, விமானப்படை, கடலோரக் காவல்படை ஆகியவற்றில் பணியாற்றியவர்களுக்குக் கேந்திரிய சைனிக் வாரியத்தின் இணையதளம் ஒன்றே வழி. தவறான இணையதளத்தில் விண்ணப்பித்துவிட்டுப் பணம் வரும் என்று ஆண்டு முழுவதும் காத்திருந்த ஒரு குடும்பத்தை நான் அறிவேன். ஆகவே இதைக் கேட்டது நல்லதாயிற்று.

ஆசிரியை அம்மாவின் திருத்தத்துக்கு நன்றி. பழைய தொகையே என் நினைவில் இருந்துவிட்டது.

நாகலூர் தாய்

ஐயாவுக்கும் ஆசிரியை அம்மாவுக்கும் என் கணவரும் நானும் கைகூப்பி நன்றி சொல்கிறோம். நேற்றிரவு நான்கு தாள்களையும் விரித்து வைத்துப் பார்த்தோம். மகளின் பெயரும் தேதியும் எல்லாவற்றிலும் ஒத்திருக்கின்றன. தலைப்பெழுத்து மட்டும்தான் வேறுபடுகிறது. ஆனால் மகனின் பெயர் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஓர் எழுத்துக் குறைவாக இருக்கிறது. அதனால் மகளின் விண்ணப்பத்தை இந்த வாரமே பதிவேற்றிவிட்டு, மகனுக்கு வெலிங்டனுக்கு எழுத ஏற்பாடு செய்கிறோம்.

இன்னும் ஒரு கேள்வி. எங்கள் பக்கத்து வீட்டுச் சகோதரியின் கணவர் ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்து, மூன்று ஆண்டுகளுக்கு முன் நோயால் இறந்துவிட்டார். அந்தச் சகோதரி பி.எஸ்சி. 63 விழுக்காட்டில் முடித்தவர். மேலே படித்து வேலைக்குப் போக வேண்டும் என்று நினைக்கிறார், பி.எட். படிப்பதா, எம்.ஏ. படிப்பதா என்று யோசிக்கிறார். பிள்ளைகளுக்குத்தான் உதவி என்று எண்ணி, தனக்கென்று அவர் யாரிடமும் கேட்கவே இல்லை.

ஓமலூர் சுபேதார் (ஓய்வு)

சகோதரி, அவரிடம் இதை உடனே சொல்லுங்கள். கணவரை இழந்தவர்கள் தாங்களே படிப்பதற்கும் இந்த இரண்டு திட்டங்களிலும் இடம் உண்டு. நம் பக்கத்தில் பலருக்கு இது தெரியாமலே போகிறது.

பி.எட். தொழிற்கல்விப் பட்டியலில் இருப்பதால், பிரதமர் உதவித்தொகைக்கு அவர் தாமே விண்ணப்பிக்கலாம். அதற்குப் பட்டப்படிப்பில் 60 விழுக்காடு வேண்டும். அவருக்கு 63 இருக்கிறது. மாதம் 3,000 ரூபாய் என்பது இவருக்கும் பொருந்தும். எம்.ஏ. அந்தத் திட்டத்தில் வராது, ஏனெனில் முதுநிலைப் படிப்புகளில் எம்.பி.ஏ., எம்.சி.ஏ. ஆகிய இரண்டை மட்டுமே அதில் ஏற்கிறார்கள். எம்.ஏ. படித்தால் நல நிதியின் கல்வி மானியம் உண்டு. கணவரை இழந்தவர்களின் இரண்டாண்டு முதுநிலைப் படிப்புக்கு மாதம் 2,000 ரூபாய் தருகிறார்கள். ஹவில்தார் வரை என்ற வரம்புக்குள் அவர் கணவரும் வருகிறார்.

ஆசிரியர் வேலைதான் அவருடைய எண்ணம் என்றால் பி.எட்.தான் சரி என்பது என் கருத்து. ஆனால் அஞ்சல் வழியில் படிக்க வேண்டாம். தொலைநிலைக் கல்விக்குப் பிரதமர் உதவித்தொகை கிடையாது. கல்லூரியில் சேர்ந்தவுடன் முதல்வரிடம் படிப்புச் சான்று வாங்கி, கணவரின் டிஸ்சார்ஜ் புத்தகம், இறப்புச் சான்றிதழ், குடும்ப ஓய்வூதிய ஆணை, தம் பட்டச் சான்றிதழ், ஆதாருடன் இணைத்த வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் மூலங்களையும் நகல்களையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். நீங்கள் மகளின் தாள்களைக் காட்டச் சேலத்துக்கு இறங்கும் அதே நாளில் அவரையும் அழைத்து வந்தால், இரண்டு குடும்பங்களும் ஒரே பயணத்தில் அலுவலகத்தைப் பார்த்துவிடலாம். என்றைக்கு வருகிறீர்கள் என்று இங்கே எழுதுங்கள். ஓமலூரிலிருந்து நானும் வந்து உடன் நிற்கிறேன்.