3 அடி ரீஃப் டேங்கில் ஐப்டேசியா தொல்லை: காப்பர்பேண்ட் வாங்கலாமா, இறால் போதுமா?

வேளச்சேரி ரீஃப்:
எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் 3 அடி உப்புத்தண்ணி டேங்க் இருக்கிறது, கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டி (சம்ப்) சேர்த்து சுமார் 220 லிட்டர். மீனில் க்ளவுன் ஜோடி ஒன்று, சிக்ஸ்லைன் ராஸ் ஒன்று, கொஞ்சம் நத்தை, ஹெர்மிட் நண்டு. பவளம் என்று சொல்ல ஜோவாவும் மஷ்ரூமும் மட்டும்தான்.

ஒரு ஜோவா ஃப்ராக்கோடு (வெட்டி விற்கும் துண்டு) பழுப்பு நிறத்தில் குட்டி அனிமோன் (பூ மாதிரி விரிந்து கொட்டும் கடலுயிர்) ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது, ஐப்டேசியா என்று நினைக்கிறேன். டேங்க் கழுவ வருபவர் அதைப் பிளேடால் சுரண்டிவிட்டு, "முடிஞ்சது சார், இனி வராது" என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போது பாறையின் ஒவ்வொரு ஓட்டையிலும் ஒன்று எட்டிப் பார்க்கிறது. நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரின் காந்தத்துக்குப் பின்னாலும் இருக்கிறது. பக்கத்தில் உள்ள ஜோவாக்கள் விரியவே மாட்டேன் என்கின்றன.

கொளத்தூரில் ஒரு கடையில் காப்பர்பேண்ட் பட்டர்ஃப்ளை மீனை விட்டால் ஒரே வாரத்தில் துடைத்துவிடும் என்கிறார்கள். அடுத்த கடையில் பெப்பர்மின்ட் இறால் போதும் என்கிறார்கள். ஊசியில் மருந்து ஏற்றிப் போடுவதில் வீட்டில் யாருக்கும் விருப்பம் இல்லை. தின்னக்கூடிய ஓர் உயிரையே விட்டுவிடலாம் என்று பார்க்கிறேன். எதை வாங்குவது?

உப்புநீர்:
வாங்குவதற்கு முன்னால் ஒன்று பார்த்துச் சொல்லுங்கள் சார். காம்பு நீளமா, கையெல்லாம் மெல்லிசாக, நுனி கூராக, உடம்பு கொஞ்சம் ஊடுருவித் தெரிகிற மாதிரி இருக்கிறதா? தொட்டால் சடாரென்று ஓட்டைக்குள் போகிறதா? அப்படியென்றால் ஐப்டேசியா. குட்டையாக, கை நுனி உருண்டையாக, பச்சையோ பழுப்போ திட்டாக இருந்தால் அது மஜானோ என்ற வேறு அனிமோன். ஐப்டேசியாவைத் தின்னும் எல்லாமே மஜானோவைத் தின்னாது. இதைப் பார்க்காமல் காசைப் போட வேண்டாம்.

வேளச்சேரி ரீஃப்:
நீளக் காம்பு, கூர் நுனி, ஊடுருவித் தெரிகிறது. சீண்டினால் வெள்ளை நூல் மாதிரி எதையோ வெளியே விடுகிறது.

உப்புநீர்:
சந்தேகமே இல்லை, ஐப்டேசியா. அந்த வெள்ளை நூலில் கொட்டும் செல்கள் நிறைந்திருக்கும். சுரண்டியதால் பரவியதற்கும் காரணம் இருக்கிறது. அடிப்பாதத்தில் இருந்து ஒரு சின்னத் துணுக்கு பாறையில் ஒட்டியிருந்தால் போதும், அது தனி அனிமோனாக வளர்ந்துவிடும். யாரும் தொடாவிட்டாலும் நகர்ந்து போகும்போது அதுவே இப்படித் துணுக்குகளை விட்டுக்கொண்டுதான் போகும். அதனால் இனி பிளேடு வேண்டாம் என்று அவரிடம் கறாராகச் சொல்லிவிடுங்கள்.

பாறையையே மாற்றிவிடுங்கள் என்று அடுத்து யாராவது வருவார்கள். மன்னார் வளைகுடாப் பாறை என்று யாராவது தந்தால் கையால்கூடத் தொடாதீர்கள். அதுவும் பவளம்தான், பாறை உண்டாக்கும் பவளங்கள் எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன.

கொளத்தூர் வாசி:
காப்பர்பேண்டை மறந்துவிடுங்கள். மீன் மேல் குறை சொல்லவில்லை, அழகான மீன். ஆனால் அது 20 செ.மீ. வரை வளரும், நாள் முழுக்கப் பாறை இடுக்கில் மூக்கை விட்டு மேய்ந்துகொண்டே இருக்கிற ஜாதி. குறைந்தது 450 லிட்டராவது வேண்டும், உங்களிடம் இருப்பது அதில் பாதி. ஐப்டேசியா தீர்ந்த பிறகு என்ன போடுவீர்கள்? பெல்லட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது. முதுகெலும்பு தெரிய மெலிந்துதான் பாதி மீன்கள் போகின்றன. இங்கே சந்தையில் நிறையப் பார்த்தாயிற்று.

நாலுகால் டேங்க்:
ஒரேயடியாக அப்படிச் சொல்லிவிட முடியாது அண்ணா. என் 6 அடி டேங்கில் காப்பர்பேண்ட்தான் ஐப்டேசியாவைக் காலி செய்தது, இன்னும் நன்றாக இருக்கிறது. கடையில் சாப்பிட வைத்துக் காட்டச் சொல்லி, பார்த்த பிறகுதான் வாங்கினேன். காசிமேட்டில் இருந்து மட்டி கொண்டுவந்து, கழுவி, ஓட்டைத் திறந்து அப்படியே உள்ளே வைப்பேன். ஓட்டுக்குள் மூக்கை விட்டுச் சதையை இழுத்துத் தின்ன ஆரம்பித்த பிறகுதான் மைசிஸ் என்ற குட்டி இறால் தீனியை எடுத்தது. ஆனால் என்னிடம் இருந்த விசிறிப் புழு ஒன்றுகூட மிஞ்சவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கொளத்தூர் வாசி:
6 அடி என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள் தம்பி. கேட்பவர் வைத்திருப்பது 3 அடி.

அடையாறு அலை:
இந்த டேங்குக்கு இறால்தான் சரி. ஆனால் எந்த இறால் என்பதில்தான் நம் ஊரில் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள்.

பெப்பர்மின்ட் என்று சொல்லிக் கடைகளில் ஒட்டக இறாலைக் கொடுத்துவிடுவார்கள். தெரிந்து செய்கிறார்களா, தெரியாமலா என்பது வேறு விஷயம். ஒட்டக இறாலுக்கு முதுகு கூன் போட்டிருக்கும், சிவப்பு உடம்பில் பளிச்சென்று வெள்ளைக் கோடும் புள்ளியும் இருக்கும், கண் பெரிசு. நெற்றியில் இருக்கும் கொம்பு மேலே தூக்கி நிற்கும். அது ஐப்டேசியா பக்கம் போகாமல் உங்கள் ஜோவாவையும் மஷ்ரூமையும் பிய்த்துத் தின்னும். அசல் பெப்பர்மின்ட்டில் வெள்ளையே கிடையாது. கண்ணாடி மாதிரி உடம்பில் மெல்லிய சிவப்புக் கோடுகள் நீளவாக்கில் ஓடும், அவ்வளவுதான். கடையில் டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் புள்ளி ஒன்று தெரிந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

அசல் கிடைத்தாலும் வேலை செய்யும் என்று எழுதிக்கொடுக்க முடியாது. மீனுக்குப் போடும் தீனி தாராளமாகக் கிடைத்தால் இறால் ஏன் கொட்டுகிற அனிமோனிடம் போகப் போகிறது? தீனியைக் குறையுங்கள். அதில் இன்னொரு லாபமும் உண்டு. ஐப்டேசியா வளர்வதே மிச்சம் மீதித் தீனியில்தான். உடம்புக்குள் பாசியும் இருப்பதால் வெளிச்சத்திலேயே ஓட்டிவிடும் என்பது உண்மை, ஆனால் தீனி கிடைக்கிற டேங்கில்தான் குட்டி போட்டுத் தள்ளும்.

ஒன்று வாங்காமல் மூன்று நான்காக விடுங்கள். சொட்டுச் சொட்டாக டேங்க் தண்ணீரை விட்டு, பொறுமையாகப் பழக்கி, விளக்கு அணைந்த பிறகு இறக்குங்கள். இரவில்தான் வேலை பார்க்கும். பகலில் காணோமே என்று பாறையைக் கிளறாதீர்கள். சிக்ஸ்லைன் ராஸ் இருக்கிறது என்றீர்கள், இறால் தோல் உரிக்கும் சமயத்தில் அது வம்பு பண்ணும். ஒளிய இடுக்கு இருக்க வேண்டும்.

அப்புறம், இந்த டேங்கில் எப்போதாவது மீன் நோய்க்குத் தாமிர மருந்து ஊற்றியது உண்டா? இருந்தால் இறாலே வேண்டாம், செத்துவிடும்.

வேளச்சேரி ரீஃப்:
தாமிரம் ஊற்றியதே இல்லை மேடம். பெர்கியா என்று ஒரு கடல் நத்தை ஐப்டேசியாவைத் தவிர வேறெதையும் தின்னாது என்று படித்தேன். அது இதைவிடப் பாதுகாப்பு இல்லையா?

அடையாறு அலை:
பாதுகாப்பு உங்கள் பவளத்துக்கு. பெர்கியாவுக்கு உங்கள் டேங்க் பாதுகாப்பில்லை! ராஸ் அதைப் புழு மாதிரி எடுத்து விழுங்கிவிடும், பெப்பர்மின்ட் இறாலும் விடாது. வேவ்மேக்கர் வேறு உறிஞ்சிவிடும்.

மற்றபடி அதைவிட நேர்த்தியான வேலைக்காரர் கிடையாது. 2 செ.மீ. சுமாருக்குத்தான் இருக்கும். ஐப்டேசியாவைத் தின்று, அதன் கொட்டும் செல்களை வெடிக்காமல் தன் முதுகு முட்களின் நுனிக்குக் கடத்தி, தனக்கே ஆயுதமாக வைத்துக்கொள்ளும். வெள்ளைச் சுருளாக முட்டை வைக்கும், சுமார் 10 முதல் 12 நாளில் பொரியும். குட்டிகள் தலையெடுத்த பிறகுதான் வேலை வேகம் பிடிக்கும், அதனால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஐப்டேசியா தீர்ந்ததும் பட்டினிதான், வேறு எதைக் கொடுத்தாலும் தின்னாது. இங்கே சுலபத்தில் கிடைப்பதும் இல்லை. ராஸை வேறு டேங்குக்கு மாற்றத் தயார் என்றால் யோசியுங்கள்.

பெரம்பூர் பவளம்:
ஃபைல்ஃபிஷ் பற்றி யாரும் சொல்லவில்லையே? உடம்பில் ரோமம் மாதிரி இருக்குமே, அந்தச் சின்ன வகை. ஐப்டேசியாவை நன்றாகத் தின்னும், 220 லிட்டருக்கும் பரவாயில்லை.

உப்புநீர்:
தின்னும்தான். சில மீன் ஜோவாவையும் சேர்த்துக் கடிக்கும், எது கடிக்கும் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஜோவா மட்டுமே வைத்திருப்பவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

மாம்பலம் மஷ்ரூம்:
இடையில் ஒரு கேள்வி. சுண்ணாம்பைக் குழைத்து ஐப்டேசியா வாயில் வைத்தால் சாகும் என்கிறார்களே, வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பையே வைக்கலாமா?

உப்புநீர்:
இரண்டும் கால்சியம் ஹைட்ராக்சைடுதான். ஆனால் பெட்டிக்கடைச் சுண்ணாம்பில் வேறென்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ரீஃபுக்கென்று விற்கும் தூளையே வாங்குங்கள். ஆர்ஓ தண்ணீரில் தோசை மாவு பதத்துக்குக் குழைத்து, பம்பை நிறுத்திவிட்டு, ஊசி இல்லாத சிரிஞ்சால் வாயை மூடுகிற அளவு வையுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் வைத்தால் பிஎச் எகிறிவிடும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

வேளச்சேரி சார், உங்களுக்கும் இது கொஞ்சம் தேவைப்படும் என்றுதான் நினைக்கிறேன். இறால் சின்னதைத்தான் தின்னும். பெரிசு கொட்டும், ஒதுங்கிப் போய்விடும்.

வேளச்சேரி ரீஃப்:
சில வாரம் கழித்து வருகிறேன். மூன்று கடை ஏறி இறங்கி, வெள்ளைப் புள்ளி இல்லாத இறாலாகப் பார்த்து நான்கு வாங்கிவந்தேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. தீனியைப் பாதியாகக் குறைத்த பிறகுதான் மாற்றம் தெரிந்தது. கீழ்ப்பாறையில் சின்னதாக இருந்ததெல்லாம் காணோம், ஜோவா விரிகிறது. நள்ளிரவில் சிவப்பு டார்ச்சில் பார்த்தேன்: ஓர் இறால் எட்டத்தில் நின்றபடி காலை மட்டும் நீட்டி, ஐப்டேசியாவின் ஒரு கையைப் பிய்த்து வாயில் வைத்துக்கொண்டு பின்னால் போனது. திரும்ப வந்து இன்னொரு கை.

உப்புநீர் சார் சொன்ன மாதிரியே பெரிசு நாலைந்து அப்படியே நிற்கின்றன. சம்ப்பில் தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் பக்கமும் ஒரு கூட்டம் இருக்கிறது. வெயில் ஏற ஏறத் தண்ணீர் 30 டிகிரியைத் தொடுகிறது, மின்விசிறி வைத்தும் இறங்கவில்லை.

அடையாறு அலை:
பெரிசுக்கு வீட்டில் பேசிச் சம்மதம் வாங்கிக்கொண்டு சுண்ணாம்பு வையுங்கள், நாளுக்கு ஒன்றிரண்டு போதும். வைக்கும்போது இறால் கிட்டே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். சம்ப்பை விட்டுவைத்தால் அங்கிருந்து துணுக்கு பம்ப் வழியாக மேலே வந்துகொண்டே இருக்கும். நாலில் ஓர் இறாலைப் பிடித்துச் சம்ப்பில் விடுங்கள், பம்ப் வாயில் ஸ்பாஞ்ச் மாட்டிவிட்டு. தண்ணீர் சம்ப்புக்கு வழிந்து இறங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டியின் உள்சுவரையும் பாருங்கள், அங்கே யாரும் பார்ப்பதே இல்லை.

கொளத்தூர் வாசி:
கடற்காற்றில் ஈரம் அதிகம், அதனால் சென்னையில் விசிறி வைத்து ஒரு அளவுக்கு மேல் குளிர வைக்க முடியாது. கத்திரி வருவதற்குள் தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் வாங்கிவிடுங்கள். காப்பர்பேண்டுக்கு எடுத்துவைத்த காசு இருக்கிறதே!

வேளச்சேரி ரீஃப்:
இருக்கிறது அண்ணா. 220 லிட்டருக்கு எத்தனை ஹெச்பி சில்லர் போதும்?

கொளத்தூர் வாசி:
கால் ஹெச்பி எடுங்கள். பத்தில் ஒன்று போதும் என்பார்கள், நம் ஊர் மே மாதத்தில் அது ஓய்வே இல்லாமல் ஓடும். பால்கனிப் பக்கம் வையுங்கள், ஹாலுக்குள் வைத்தால் அந்தச் சூடு மறுபடி டேங்குக்கே வரும்.