புதுப்பிப்பு: ஒன்றரை வயதுக் குழந்தைக்குத் தொட்டால் பேசும் புத்தகம் சரிவருமா?

படத்தையோ பட்டனையோ தொட்டால் சத்தமாகப் பேசும், பேட்டரியில் ஓடும் இந்தப் புத்தகத்தை ஒன்றரை வயது மகளுக்கு வாங்கலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வாங்கிவிட்டோம்.

கடையில் முதலில் பார்த்தது பேட்டரி மூடியை. ஸ்க்ரூ போட்டு மூடியதை மட்டும் எடுங்கள் என்று ஒருவர் சொன்னது மிக நல்ல யோசனை. பட்டன் பேட்டரி (காசு போன்ற சின்ன வட்ட பேட்டரி) தொண்டையில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம்; இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஐஎஸ்ஐ முத்திரையும் பார்த்தோம். இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் அது கட்டாயம். மின் பொம்மை என்றால் ஐஎஸ் 15644 என்ற எண் இருக்கும்.

சத்தம் அதிகமாக இருந்தது. ஸ்பீக்கர் மேல் பேக்கிங் டேப் ஒட்டச் சொன்னீர்கள், நன்றாகவே குறைந்தது. டேப் உரிகிறதா என்று மட்டும் அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள்.

எதிர்பாராதது ஒன்று. புத்தகம் பேசும்போது நாங்கள் பேசுவது குறைந்துவிடுகிறது. மகளும் மாட்டுப் பட்டனையே திரும்பத் திரும்ப அழுத்துகிறாள். 2016இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்விலும், மின்னணு பொம்மைகளோடு விளையாடும்போது பெற்றோர் பேசும் சொற்கள் குறைந்ததாகவே தெரியவந்தது. அப்புறம் சுவிட்சை அணைத்துவிட்டு, வெறும் படப்புத்தகமாகக் காட்டினோம். இப்போது அவளே படத்தைத் தொட்டு "மா" என்கிறாள். இந்த வயதில் எழுத்து கற்றுத்தரும் என்று நம்பி வாங்க வேண்டாம்.