டூப்ளெக்சரைத் திறந்த நாள்: உங்கள் அனுபவம் என்ன?

வெள்ளவத்தைக் கடலோரம்:
மூன்று வருடங்களாகியும் அந்தச் சின்னச் சத்தம் காதைவிட்டுப் போகவில்லை. மெரைன் டிரைவ் பக்கம், கடலைப் பார்த்த மொட்டைமாடி, 145 மெகாஹேர்ட்ஸ் ரிப்பீட்டர் (வானொலிக் குரலை வாங்கி அதே நேரம் மறுபடி அனுப்பும் நிலையம்). அதன் டூப்ளெக்சரில், அதாவது ஒரே ஆன்டெனாவில் அனுப்புவதையும் கேட்பதையும் பிரித்து வைக்கும் வடிகட்டியில், ஆறு கேவிட்டிகள் (உள்ளே வெற்றிடமான உலோகக் குழல்கள்). வைகாசி மழை தொடங்கியதிலிருந்து தூரத்து நிலையங்களின் குரல் முதல் சொல்லோடு அறுந்துகொண்டிருந்தது. டிரான்ஸ்மிட்டர் எழும்பியதும் ரிசீவர் செவிடாகிவிடும். உங்களுக்குத் தெரிந்த நோய்தான். திறந்து பார்த்தால் வெள்ளிப் பூச்சு விளக்குக்கரி போலக் கறுத்திருந்தது. துடைப்பதற்காக, கேவிட்டியின் அலைவரிசையை அமைக்கும் டியூனிங் கம்பியை வெளியே இழுத்தேன். டிக். கம்பியைச் சுற்றிப் பிடித்திருக்கும் தொடுவிரல்களில் ஒன்று ஒடிந்து உள்ளங்கையில் விழுந்தது. நகத்துண்டு அளவுத் தகடு. கம்பி எந்த உயரத்தில் நின்றது என்று நான் குறித்தும் வைக்கவில்லை. பக்கத்தில் நின்ற மூத்தவர் "பரவாயில்லைத் தம்பி" என்றார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கொட்டாஞ்சேனை நேயர்:
எனக்கு நேர்ந்தது வேறு. ஒரு தனியார் காவல் நிறுவனத்தின் ரிப்பீட்டர். இரண்டு நாட்கள் கேவிட்டிகளையே குற்றவாளியாக்கித் திருகிக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள், ஸ்குரூடிரைவர் தவறி, டூப்ளெக்சருக்கும் ரேடியோவுக்கும் இடையிலான கேபிளில் பட்டது. ஸ்பீக்கரில் பொரி பொரிவதுபோலச் சத்தம்! இணைப்பியைக் கழற்றினேன், கேபிளின் உலோகப் பின்னல் பச்சைத் தூளாகிக் கொட்டியது. ஆர்ஜி 214 கேபிள் போட்டதும் அந்தப் பொரிச்சத்தம் நின்றது. அந்த இரண்டு நாட்களும் நன்றாக இருந்த கேவிட்டிகளின் அமைப்பைத் திருகிக் கெடுத்துவிட்டோம் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

மொறட்டுவைத் தொழில்நுட்பன்:
வெள்ளவத்தை அண்ணன் கோபிக்க வேண்டாம். அந்தக் கறுப்பு வெள்ளிச் சல்பைட்டு. கேவிட்டியின் சுவரில் அது இருப்பதால் இழப்பு பெரிதாக அதிகரிக்காது. அதற்காகத் திறந்திருக்கவே தேவையில்லை. நானும் ஒருமுறை உலோகப் பாலிஷ் போட்டு வெள்ளியையே தேய்த்து எடுத்தவன், அதனால் சொல்கிறேன். கவனிக்க வேண்டியது தொடுவிரல்களையும் இணைப்பிகளையும்தான். ஐசோபுரொப்பைல் அல்கஹோல், நூல் உதிராத துணி, இவை போதும். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம்: அந்த விரல்கள் பெரும்பாலும் பெரிலியம் கலந்த செம்பு, அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு கம்பியின் உயரத்தையும் அளந்து எழுதுங்கள். 145இல் அனுப்புவதற்கும் கேட்பதற்கும் இடைவெளி 600 கிலோஹேர்ட்ஸ்தான். அரைத் திருகல் போதும், வேண்டாத அலையைத் தடுக்கும் பள்ளம் இடம் மாறிவிடும். கைக்கடக்கமான அளவியால் கேவிட்டிகளைத் தனித்தனியாகப் பார்க்கலாம், ஆனால் முழுத் தொகுதியின் 80 டெசிபல் தடுப்பை அது பெரும்பாலும் காட்டாது. இன்னொன்று, 50 வாட் கொடுத்தால் 35 வாட்தான் வெளியே வருகிறது என்று பயந்து திருகாதீர்கள். 1.5 டெசிபல் இழப்பு இயல்பானது.

தெகிவளை வாசி:
"திறக்கவே தேவையில்லை" என்று அடித்துச் சொல்லாதீர்கள். கொழும்புக் காற்றில் அது பொருந்தாது. எங்கள் கருவி குளிரூட்டிய அறையில் இருந்தது. மின்வெட்டு, கதவைத் திறந்து வைத்தார்கள், கடற்காற்று உள்ளே வந்தது. குளிர்ந்த உலோகம் வியர்த்துவிட்டது. ஒரு கேவிட்டியைச் சாய்த்தபோது கம்பி நுழையும் துளை வழியாகத் தண்ணீர் என் செருப்பில் சொட்டியது. திறந்தோம், அடியில் பத்து ரூபாய்க் குற்றி அளவுக்குப் பச்சை. திறக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

மொறட்டுவைத் தொழில்நுட்பன்:
தண்ணீர் என்றால் திறக்கத்தான் வேண்டும். கறுப்புக்காகத் திறக்காதீர்கள் என்றேன்.

வெள்ளவத்தைக் கடலோரம்:
கோபமில்லைத் தம்பி. ஒடிந்த விரல் இல்லாமலே அந்தக் கேவிட்டியை மூத்தவர் தன் அளவியோடு வந்து சரிசெய்தார். அன்று நான் வேலைக்குப் போய்விட்டேன். அடுத்த மழைக்கு முன் ஏறிப் பார்த்தபோது ஆறு கம்பிகளிலும் மெல்லிய கீறல். ஒவ்வொரு மூடியிலும் உயரம் மில்லிமீட்டரில், அவருடைய சாய்ந்த எழுத்தில்.