கிரேஞ்சர் மூங்கில் ஃப்ளை ராட்: ஆண்டு கணிக்க, ஃபெரூல் கழற்ற உதவி வேண்டும்

வணக்கம். என்னிடம் இருக்கும் ராட் (ஈ போன்ற பொய் இரையை வீசி மீன் பிடிக்கும் மூங்கில் கோல்) 9 அடி, கிரேஞ்சர் நிறுவனத்தின் விக்டரி மாடல். மூன்று துண்டு, இரண்டு நுனி (ஒன்று மாற்று). ரீல் சீட்டில் (தூண்டில் நூல் சுருளைப் பொருத்தும் இடம்) ரைட் அண்டு மெக்கில் நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. அவர்கள் கிரேஞ்சரை வாங்கியது 1946-ல், ஆகவே அதற்குப் பிந்தையது. இன்னும் நெருங்கிக் கணிக்க எதைப் பார்ப்பது? சீட்டை மட்டும் நம்பத் தயக்கம், பழுதுபார்த்தவர்கள் மாற்றியிருக்கலாம்.

ஒரு நுனி 2 அங்குலம் குட்டை. அதைவிடப் பெரிய கவலை நடுத்துண்டின் ஆண் ஃபெரூல் (துண்டுகளை இணைக்கும் உலோக மூட்டில் உள்ளே செருகும் பகுதி). வளைத்தால் டிக்கென்று சத்தம் வருகிறது, உள்ளே பசை விட்டிருக்கிறது. குறுக்கே சிறு ஆணி உண்டு. அதைத் தட்டி எடுக்காமல் இழுத்தால் மூங்கில் பிளக்கும். பிறகு ஸ்பிரிட் விளக்கில் உலோகத்தை மட்டும் சூடாக்கி, முறுக்காமல் நேராக இழுக்க எண்ணம். சூடு கூடினால் கோலின் ஆறு மூங்கில் பட்டைகளை இணைக்கும் பசையும் கெடலாம். ஃபெரூலை ஒட்டி மூங்கிலில் ஈரத்துணி சுற்றினால் போதுமா?

வார்னிஷைக் கத்தியின் முதுகால் மெல்லச் சுரண்டப் போகிறேன். வலுவான நார் வெளிப்புறத்தில்தான் இருக்கிறது, உப்புத்தாள் அதைத் தின்றுவிடும். கோலில் வளையங்களைக் கட்டும் பட்டு நூல், நிறக்காப்பு (நிறம் மாறாமல் காக்கும் பூச்சு) பூசாவிட்டால், வார்னிஷ் பட்டதும் ஊடுருவித் தெரியும்; அதனால் பழைய நிறம் குழப்புகிறது. விக்டரியின் கட்டுகளை அவிழ்த்து நூலின் உள்பக்க நிறத்தைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.