ஜெப நோட்டில் காலியாகக் கிடந்த கட்டங்கள்

எனக்குச் சந்தேகம் எந்த நாத்திகரும் சொல்லி வந்ததில்லை, ஞாயிறு பள்ளிக்குப் பாடம் தயார் பண்ணும்போது வந்தது. இயேசுவைக் காசுக்குக் காட்டிக்கொடுத்த யூதாஸ் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும் என்று மத்தேயு 27-ஐ எடுத்தேன். வெள்ளிக்காசைத் தேவாலயத்தில் எறிந்துவிட்டுப் போய் நான்றுகொண்டு செத்தான், அந்தக் காசில் ஆசாரியர்கள் நிலம் வாங்கினார்கள் என்று இருக்கிறது. அப்புறம் எதற்கோ அப்போஸ்தலர் நடபடிகள் முதல் அதிகாரத்தைத் திருப்பினால், அங்கே அவனே நிலத்தை வாங்குகிறான், தலைகீழாக விழுகிறான், வயிறு வெடித்துச் சாகிறான். கயிறு அறுந்து விழுந்திருப்பான் என்று சின்ன வயதில் எனக்குச் சொன்னார்கள், நானும் அதையே பல வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு ராத்திரி மட்டும் அது வாயில் வரவில்லை. நிலத்தை வாங்கியது யார் என்று ஒரு பிள்ளை கேட்டால் என்ன சொல்வேன் என்று யோசித்துக்கொண்டே தூங்காமல் கிடந்தேன். ஒரு பிள்ளையும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஒரு நூல் பிரிந்தால் போதுமே. மரியாளின் கணவர் யோசேப்பின் அப்பா மத்தேயுவில் யாக்கோபு, லூக்காவில் ஏலி. மாற்கு 16-ல் ஒன்பதாம் வசனத்திலிருந்து வருகிற பகுதி நமக்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய முழுப் பிரதிகளான நான்காம் நூற்றாண்டின் சினாய், வத்திக்கான் பிரதிகளில் இல்லை. அவற்றில் எட்டாம் வசனத்தோடு மாற்கு முடிந்துவிடுகிறது. இயேசுவின் கல்லறைக்குப் போன பெண்கள் நடுங்கிக்கொண்டு கல்லறையைவிட்டு ஓடுகிறார்கள், பயந்திருந்தபடியால் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை, அவ்வளவுதான். இதையெல்லாம் இறையியல் படித்தவர்கள் முதல் வருஷத்திலேயே படிக்கிறார்களாம். எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை என்பதுதான் என் கோபமாக இருந்தது, வசனத்தின் மேல்கூட அவ்வளவு கோபம் இல்லை.

ஆனால் இவை தலைக்குள் நடக்கிற சண்டைகள். இதோடு காலம் தள்ளியிருக்கலாம்.

தம்பி படுத்த பிறகுதான் உள்ளே ஏதோ உடைந்தது. பதினோரு மாதம். என்னிடம் ஒரு ஜெப நோட்டு உண்டு, பள்ளிக்கூட நோட்டில் ஸ்கேல் வைத்து நடுவில் கோடு போட்டது, இடது பக்கம் கேட்ட தேதி, வலது பக்கம் பதில் வந்த தேதி. வேலை கிடைத்தது, வீடு அமைந்தது என்று வலது பக்கம் நிறைய எழுதியிருக்கிறேன், சாட்சியும் சொல்லியிருக்கிறேன். தம்பி பெயர் இடது பக்கத்தில் நாற்பது தடவைக்கு மேல் இருக்கிறது. உபவாச ஜெபம், சங்கிலி ஜெபம் எல்லாம் ஆனது. ஒருவர் வந்து தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு, "நான் சாவாமல், பிழைத்திருந்து, கர்த்தருடைய செய்கைகளை விவரிப்பேன்" என்ற சங்கீதம் 118:17-ஐ வாக்குத்தத்தமாகக் கொடுத்தார். அதைப் பெரிய எழுத்தில் எழுதி அவன் கட்டிலுக்கு மேலே டேப் போட்டு ஒட்டினேன். அவன் போன மூன்றாம் நாள்தான் அது இன்னும் சுவரில் இருக்கிறது என்பதையே கவனித்தேன். நகத்தால் சுரண்டி எடுத்தேன். டேப்போடு சேர்ந்து பெயிண்டும் உரிந்து வந்தது, நாலு மூலையிலும் நாலு வெள்ளைத் தழும்பு.

அடக்கம் முடிந்து இரண்டு வாரம் இருக்கும், சபையில் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டில் யாருக்கோ அவிசுவாசம் இருந்திருக்கிறது, அதுதான் தடுத்திருக்கும் என்றார்கள். யாக்கோபு 1:6-ஐயும் சொன்னார்கள், சந்தேகப்படுகிறவன் கடலின் அலைக்கு ஒப்பாயிருக்கிறான் என்று. அன்பாகத்தான் சொன்னார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த யாரோ நான்தானோ என்று எத்தனை ராத்திரி கணக்குப் பார்த்திருப்பேன், யூதாஸ் கதையை நோண்டியதற்கா தம்பி செத்தான் என்றெல்லாம்கூட. இப்போது எழுதும்போது பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறது. அப்போது தெரியவில்லை.

அதைவிட என்னைப் பயமுறுத்திய ஒன்று உண்டு. ஒரு கூடுகையில், சிஸ்டர் நீங்கள் ஜெபித்து முடியுங்கள் என்றார்கள். உள்ளே ஒரு பொட்டு விசுவாசம் இல்லை, ஆனால் "அன்பின் பரலோகப் பிதாவே" என்று ஆரம்பித்ததும் வாய் தானாகப் போகிறது, அருவி மாதிரி, ஸ்தோத்திரம், துதி, எல்லாம் இடத்தில் இடத்தில் வந்து விழுகிறது. பக்கத்தில் ஒருவர் அழுதார். முடிந்தபின் ரொம்ப ஆசீர்வாதமாக இருந்தது என்றார்கள். நான் நேராகக் குழாயடிக்குப் போய் முகம் கழுவினேன். அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் சத்தமாக ஜெபிக்கவில்லை.

ஆனாலும் தேடுவதை விட முடியவில்லை. இதைத்தான் என்னால் யாருக்கும் விளக்க முடியவில்லை. இல்லாத ஒருவரிடம் இவ்வளவு கோபம் எப்படி வரும்? சொந்த வார்த்தை எல்லாம் பொய்யாகப் பட்டதால் சங்கீதம் 88-ஐ மட்டும் வாசிக்க ஆரம்பித்தேன், தினமும் அது ஒன்றுதான். மற்றப் புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலானவை கடைசியில் எப்படியாவது துதியில் போய்ச் சேர்ந்துவிடும், இது சேராது. எபிரெய மூலத்தில் அதன் கடைசி வார்த்தையே இருள். நம் பழைய மொழிபெயர்ப்பில் "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று முடியும், அதுவும் பொருத்தமாகத்தான் இருந்தது, என் தோழிகள் பாதிப் பேர் அப்படித்தான் போனார்கள். இப்படி ஒன்றை எடுத்துப் போடாமல் ஜெபப் புத்தகத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார்களே, வைத்தவர்களுக்கு என்னைப்போல ஒருத்தியைத் தெரிந்திருக்கும் என்று தோன்றியது. விசுவாசம் திரும்பிவிட்டது என்று சொல்லவில்லை. பேச்சுவார்த்தை இருக்கிறது, அவ்வளவுதான்.

இப்படி நடுவில் நிற்கிறவர்கள் வேறு யாராவது இருந்தால் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். புத்திமதி வேண்டாம், நிறைய வாங்கியாகிவிட்டது.

*

சகோதரி, நான் ஊழியத்தில் இருக்கிறவன். புத்திமதி சொல்ல வரவில்லை, என் குற்றம் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு வாலிபன் ஆராதனை முடிந்து எல்லாரும் போகும்வரை காத்திருந்து, ஐயா, உயிர்த்தெழுதலை என்னால் நம்ப முடியவில்லை, என்ன செய்யட்டும் என்று கேட்டான். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது! பவுல் எழுதிய 1 கொரிந்தியர் 15 சுவிசேஷங்களுக்கும் முந்தியது, ஐந்நூறு பேர் கண்டார்கள் என்று அதில் இருக்கிறது, இயேசுவின் சகோதரன் யாக்கோபு எப்படி மாறினார், முக்கால் மணி நேரம் அடுக்கினேன். அதோடு விடாமல் இரண்டு புத்தகமும் கொடுத்தனுப்பினேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். அடுத்த வாரம் புத்தகங்கள் என் மேஜைமேல் இருந்தன, அவன் இல்லை. பிறகு வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது, அந்த மாதம் அவன் அப்பா வீட்டைவிட்டுப் போயிருக்கிறார். "என்னப்பா ஆச்சு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், நான் கேட்கவில்லை.

அந்த ஆதாரங்கள் தப்பு என்று சொல்லவில்லை, எனக்கே அவை பல ராத்திரி கைப்பிடியாக இருந்திருக்கின்றன. பசித்தவனிடம் சமையல் புத்தகத்தைக் கொடுத்துவிட்டேன், அவ்வளவே.

தோமாவைப் பற்றி நாங்கள் பிரசங்கம் செய்யும்போது ஒரு இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறோம். யோவான் 20-ல், இயேசு உயிர்த்ததை அவன் நம்பமாட்டேன் என்றதற்கும் இயேசு வந்ததற்கும் நடுவில் எட்டு நாள் இருக்கிறது. அந்த எட்டு நாளும், கண்டோம் கண்டோம் என்று சொல்லும் பத்துப் பேரும், போங்கடா என்று சொல்லும் ஒருவனும் என்ன பேசிக்கொண்டார்கள், எழுதவில்லை. ஆனால் எட்டாம் நாள் அவன் அவர்களோடே உள்ளே இருக்கிறான். அவர்கள் துரத்தவில்லை, அவனும் போகவில்லை. லாசரு செத்தபோது "அவரோடேகூட மரிக்கும்படி நாமும் போவோம் வாருங்கள்" என்றவனும் இதே தோமாதான், அதற்காக ஒரு பட்டமும் அவனுக்கு ஒட்டவில்லை, சந்தேகத் தோமா என்பது மட்டும் ஒட்டிக்கொண்டது.

அன்னை தெரசாவின் கடிதங்கள் அவர் இறந்து பத்து வருஷம் கழித்து 2007-ல் வெளிவந்தபோது எங்கள் வட்டாரத்தில் சிலர் கிசுகிசுத்தார்கள், பார்த்தீர்களா அந்த அம்மாவுக்கே விசுவாசம் இல்லை என்று. எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. பல பத்தாண்டுகள் உள்ளே இருட்டு, கடவுள் இருப்பதாகவே உணர்வு இல்லை என்று தன் ஆவிக்குரிய வழிகாட்டிகளுக்கு எழுதியிருக்கிறார், எழுதிக்கொண்டே காலையில் எழுந்து வேலைக்குப் போயிருக்கிறார். நான் பீடத்தில் நின்றுகொண்டு அதே இருட்டோடு ஆசீர்வாதம் கூறியிருக்கிறேன். இதை என் சபையில் இன்னும் சொன்னதில்லை. சொல்லும் தைரியம் வரவில்லை.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. அடக்க ஆராதனையில் இப்போது காரணம் சொல்வதில்லை. கர்த்தர் ஒரு பூவைப் பறித்துக்கொண்டார் என்று ஒரு காலத்தில் நானும் சொன்னவன்தான்.

*

அக்கா, நான் சபைக்குப் போவதை விட்டு நாலு வருஷம் ஆகிறது, அதனால் நான் இங்கே எழுதலாமா தெரியவில்லை. எனக்குச் சாவு, வியாதி எதுவும் காரணம் இல்லை. 1 சாமுவேல் 15:3. இஸ்ரவேலின் எதிரிகளான அமலேக்கியரில் பிள்ளைகளையும் குழந்தைகளையும்கூடக் கொல்லச் சொல்கிறது. வாலிபர் கூடுகையில் கேட்டேன். அந்தக் காலம் அப்படி என்றார்கள், அந்தக் குழந்தைகள் வளர்ந்தால் பாவம் செய்திருக்கும் என்றார்கள், கடைசியில் நீ யார் தேவனைக் கேட்க என்றார்கள். மூன்றாவது பதிலாவது நேர்மை. ஐயா கோபப்படாதீர்கள், உங்கள் பதிவைப் படித்தபோது, இவரிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன்.

ஆனால் ராத்திரி லைட்டை அணைத்ததும் இன்னமும் ஜெபிக்கிறேன். "யாராவது இருந்தால்" என்று ஆரம்பிப்பேன். அது தேடலா, பழக்கமா, நரகத்தின் மேலுள்ள பழைய பயமா, எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. உங்களுக்கு எப்படித் தெரிந்தது? இன்னொன்றும் கேட்கவேண்டும், பண்டிகைக்கு வீட்டாரோடு போனால் திருவிருந்து நேரத்தில் என்ன செய்வது என்று ஒவ்வொரு தடவையும் வயிற்றைக் கலக்குகிறது. தகுதியில்லாமல் அதைச் சாப்பிடுகிறவனுக்கு ஆக்கினை என்ற அர்த்தத்தில், அபாத்திரமாய்ப் போஜனபானம் பண்ணுகிறவன் என்று வாசிப்பார்களே, அது.

*

தம்பி, அமலேக்கியருக்கு என்னிடம் பதில் இல்லை. எனக்காகச் சொல்லிக்கொண்ட சமாதானங்கள் இரண்டு மூன்று உண்டு, அவற்றை உன்னிடம் தள்ள மனம் வரவில்லை, நீ முகத்தைச் சுளிப்பாய் என்று தெரியும், நானும் சுளித்தவள்தானே. இஸ்ரவேல் என்ற பெயரே தேவனோடு போராடின யாக்கோபுக்குக் கிடைத்ததுதான், அதனால் கேட்டதற்காக மட்டும் யாரும் வெளியே போகவேண்டியதில்லை என்று நினைக்கிறேன். யாக்கோபு தொடைச்சந்து சுளுக்கி நொண்டிக்கொண்டேதான் போனான், அதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

பழக்கமா பயமா என்று கேட்டாயே. எனக்கும் பிரிக்கத் தெரியவில்லை. பயத்துக்கு மட்டும் ஒரு சோதனை வைத்துப் பார்த்தேன். நரகமே இல்லை என்று யாராவது அடித்துச் சொல்லிவிட்டால் ஜெபிப்பதை நிறுத்துவேனா என்று கேட்டுக்கொண்டேன். நிறுத்தமாட்டேன் என்றுதான் பட்டது, அதனால் பயத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். பழக்கம் இருக்கட்டுமே, செத்துப்போன என் தம்பி நினைவு வந்தால் அவன் நம்பரைப் போனில் தேடுவதும் பழக்கம்தான், அதை நான் பொய் என்று சொல்லமாட்டேன். ஐயா, நீங்கள் தோமாவைச் சொன்னீர்கள், எனக்கு மத்தேயு 28:17. உயிர்த்தெழுந்தவரை மலையில் நேருக்கு நேர் பார்த்துப் பணிந்துகொண்டார்கள், "சிலரோ சந்தேகப்பட்டார்கள்". எத்தனை தடவை வாசித்தும் கண்ணில் படாத அரை வரி. அடுத்ததாக வருவது புறப்பட்டுப் போங்கள் என்ற கட்டளை. சந்தேகப்பட்டவர்கள் தனியாக நில்லுங்கள் என்று அவர் பிரிக்கவில்லை.

திருவிருந்து பற்றி. அந்த வசனத்துக்குக் கொஞ்சம் மேலே போய் 1 கொரிந்தியர் 11:21-லிருந்து வாசித்துப் பார். பவுல் திட்டுவது சந்தேகப்பட்டவர்களை இல்லை. முந்தி வந்து வயிறு முட்டத் தின்று குடித்துவிட்டு, இல்லாதவர்களைப் பட்டினி போட்டு வெட்கப்படுத்தினவர்களை. இது தெரிந்த பிறகும் எனக்கு ஆறு மாதம் ஆனது, கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருவேன். நீ அப்படியே உட்கார்ந்திருந்தாலும் தப்பில்லை, யாராவது திரும்பிப் பார்த்தால் பார்க்கட்டும். ஒரு ஞாயிறு எதுவும் முடிவுபண்ணாமல் வரிசையில் போய் நின்றேன். அப்பம் கையில் வந்ததும் வழக்கமான ஜெபம் நாக்கு நுனிக்கு வந்தது, சொல்லவில்லை. என் தம்பி பெயரை மட்டும் சொன்னேன், பிறகு சாப்பிட்டேன். இன்றைக்கும் அதுதான் என் திருவிருந்து ஜெபம்.

ஜெப நோட்டு இருக்கிறது, எழுதுகிறேன். நடுக்கோடு மட்டும் இப்போது போடுவதில்லை.