மெகா மேன் ஜீரோ: எந்த மோதலில் எங்கே சறுக்குகிறது? – அனுபவப் பகிர்வு

பச்சைவாள்:

கேம் பாய் அட்வான்ஸில் 2002இல் வந்த முதல் மெகா மேன் ஜீரோ ஆட்டம் தொடங்கி 2005இல் வந்த நான்காவது வரைக்குமான இழை இது. கேப்காம் வெளியிட்டது, இன்டி கிரியேட்ஸ் உருவாக்கியது, அதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். இங்கே வேண்டியது ஒன்றுதான்: எந்த எதிரி, அவன் என்ன செய்வான், எந்த இடத்தில் ஆட்டக்காரர் கை தவறுகிறது, ஏன் தவறுகிறது. "செம கேம் மச்சி" வகைப் பதிவுகளுக்கு வேறு இழை இருக்கிறது.

முதல் மோதல் கோலெம். அதுவரை நாம் ஆடும் ஜீரோவின் கையில் பஸ்டர் துப்பாக்கி மட்டும்தான். பஸ்டரால் எத்தனை முறை சுட்டாலும் கோலெமுக்கு ஒன்றும் ஆகாது. சேபர் என்கிற வாள் கைக்கு வந்த பிறகுதான் ஆட்டம் தொடங்குகிறது. புதிதாக வருபவர்கள் அங்கே கற்றுக்கொள்ளும் தவறான பாடம், "இனி பஸ்டர் வேண்டாம், வாள் போதும்" என்பது. ஆரம்பத்தில் அந்த வாள் ஒரே ஒரு வெட்டுதான் வெட்டும். மூன்று வெட்டுத் தொடர் பிறகு வருவது. அதுவும் தானாக வராது, ஆயுதத்தின் நிலை ஏற ஏறத்தான் திறக்கும். பட்டனை அழுத்திப் பிடித்துப் பலம் சேர்க்கும் பஸ்டரின் சார்ஜும் அப்படியே.

இரும்புக்கை:

நிலை ஏற்றுவதைப் பற்றி நானே சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு ஆட்டங்களிலும் ஆயுத நிலை என்பது பயன்பாட்டுக் கணக்கு. எதிரிமேல் எந்த ஆயுதம் படுகிறதோ அதற்குத்தான் எண்ணிக்கை ஏறும். ஆகவே தொலைவிலிருந்து பஸ்டரால் எல்லாரையும் சுட்டுத் தீர்த்துக்கொண்டே போகிறவர் பாதி ஆட்டத்திலும் ஒற்றை வெட்டு வாளோடுதான் நிற்பார். பாஸ், அதாவது பகுதியின் முடிவில் நிற்கும் பெரிய எதிரி, இருக்கும் அறைக்குள் போனதும் "சேபர் ரொம்ப வீக்" என்று புலம்பல். வாள் வீக் இல்லை ஐயா, அதை வளர்க்கவே இல்லை.

முதல் ஆட்டத்தில் வசதி ஒன்று உண்டு. ஏற்கெனவே முடித்த பகுதிகளுக்கு ஜீரோ சேர்ந்திருக்கும் ரெசிஸ்டன்ஸ் குழுவின் தளத்திலிருந்து மறுபடி போகலாம். பகுதிக்குள் மீண்டும் நுழையும்போது எதிரிகள் திரும்ப நிற்பார்கள். பாந்தியான் என்கிற சாதாரண எதிரி வீரர்கள் இரண்டு மூன்று பேர் அடுத்தடுத்து நிற்கும் சமதரையாகப் பார்த்து, போவதும் வருவதுமாக வாளை மட்டும் பயன்படுத்தினால் போதும். எனர்ஜி கிரிஸ்டலும் அதே நேரத்தில் சேரும். மிஷனுக்கு நடுவில் இதைச் செய்யக் கூடாது. நேரமும் வாங்கும் அடியும், மிஷன் முடிவில் விழும் ரேங்க் மதிப்பெண்ணில் கழியும்.

டிரிபிள் ராட் என்கிற கோலையும் ஷீல்டு பூமராங்கையும் ரெசிஸ்டன்ஸ் பொறியாளர் செர்வோ செய்து கொடுப்பார். ராடை அடுத்தடுத்து அழுத்தினால் நீண்டுகொண்டே போகும், ஆனால் அந்த நீளமும் நிலை ஏறினால்தான். பூமராங் தற்காப்புக்கு நல்லது: பட்டனை அழுத்திப் பிடித்தால் கேடயமாக நின்று குண்டுகளைத் தடுக்கும், விட்டால் பறந்து போய்த் திரும்பும். திரும்பி வரும்வரை கையில் கேடயம் இல்லை என்பதைப் பலர் மறந்துவிட்டு அந்த இடைவெளியில்தான் அடி வாங்குகிறார்கள்.

பச்சைவாள்:

மூன்று வெட்டுத் தொடர் வந்த பிறகு அதன் கணக்கும் வேறு. சாதாரணமாக அடிபட்ட பாஸ் சில கணம் மின்னிக்கொண்டு நிற்பான், அப்போது அடுத்த அடி ஏறாது. தொடரின் மூன்று வெட்டும் அந்தத் தடையை மீறி வரிசையாக ஏறும். அதனால்தான் வாள் இத்தனை பலம். ஆனால் மூன்றாவது வெட்டு முடிந்து கால் நகர நேரமாகும். பாஸ் கை ஓங்கத் தொடங்கிவிட்டால் இரண்டு வெட்டோடு நிறுத்தி டேஷில், அதாவது வேகப் பாய்ச்சலில், விலகுவதே லாபம். தாவலில் வெட்டியபடி தரையைத் தொட்டால் காற்று வெட்டு அங்கேயே முடிந்துவிடும், உடனே தரைத் தொடரைத் தொடங்கலாம். தாவி வெட்டு, தரை தொடு, வெட்டு, வெட்டு, விலகு. இந்தத் தாளம் கைக்குப் பழகிவிட்டால் பாதி பாஸ்கள் முடிந்த மாதிரி.

நியோன்_கிளி:

ஆயுதத்துக்கு இடி, நெருப்பு, பனித் தன்மை கொடுக்கும் எலிமென்ட் சிப் பற்றி ஒரு குழப்பம் தொடர்ந்து வருகிறது. தண்டர், ஃபிளேம், ஐஸ் மூன்றும் ஒரு வட்டம். இடி நெருப்பை வெல்லும், நெருப்பு பனியை வெல்லும், பனி இடியை வெல்லும். சிப்பை மாட்டிவிட்டுச் சும்மா வெட்டிக்கொண்டிருந்தால் அதற்குப் பலனே இல்லை. சார்ஜ் செய்த தாக்குதலில் மட்டுமே எலிமென்ட் ஏறும். வேகமாகப் பட்டனைத் தட்டுகிறவர்களுக்குச் சிப் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான்.

எதிரிப் படையின் தலைவர்களான காவலர்கள் நால்வரில் மூவருக்கு இது பொருந்தும். ஹார்பியா இடி, அவனுக்குப் பனி. ஃபெஃப்னிர் நெருப்பு, அவனுக்கு இடி. லெவியத்தன் பனி, அவளுக்கு நெருப்பு. சரியான எலிமென்ட் பட்டால் அடி கூடுவது மட்டுமல்ல, அவர்கள் தொடங்கிய தாக்குதலே பாதியில் அறுந்துபோகும். உண்மையான பயன் அதுதான். ஆகவே சார்ஜை வைத்துக்கொண்டு காத்திருந்து, அவன் தாக்கத் தொடங்கும் நொடியில் விடுங்கள். அவன் சும்மா நிற்கும்போது விட்டால் அடி மட்டும்தான் கிடைக்கும்.

நான்காவது காவலன் ஃபான்டமுக்கு எலிமென்டே கிடையாது. அங்கே சிப்பை நம்பிச் சார்ஜுக்குக் காத்திருப்பவர் வீணாக நேரம் கழிக்கிறார். நிழல் உருவங்களைக் கிளப்பிவிட்டுக் குழப்புவான், பெரிய ஷுரிக்கன்மேல் ஏறி வருவான். அவனிடம் மூன்று வெட்டுத் தாளம்தான், வேறு தந்திரம் இல்லை.

இரும்புக்கை:

ஹார்பியாவைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். அவன் மிதப்பவன். தரையில் நின்று வாளுக்குக் காத்திருந்தால் எட்டாது. சுவரைப் பிடித்து உதைத்து ஏறி அவன் உயரத்துக்குப் போய் வெட்ட வேண்டும், அல்லது அவன் பாய்ந்து இறங்கும்போது டேஷில் அடியில் புகுந்து பின்பக்கம் வர வேண்டும். சுவரில் ஒட்டிக்கொண்டே இருப்பதும் ஆபத்து. அங்கே சறுக்கிக்கொண்டிருப்பவனுக்கு விலக ஒரே திசைதான் உண்டு.

லெவியத்தனோடு மோதும்போது தண்ணீருக்குள் தாவல் உயரமாகவும் மெதுவாகவும் இருக்கும். தரைக் கணக்கிலேயே தாவினால் நினைத்ததைவிட நேரம் கழித்து இறங்குவீர்கள், அவள் எறிவது சரியாக அங்கே வந்து நிற்கும். சின்னத் தட்டலாகத் தாவுங்கள்.

காகிதராக்கெட்:

அண்ணே, இத்தனை பாடு எதற்கு? ஜீரோவுக்கு உதவும் குட்டி உயிரான சைபர் எல்ஃப் இருக்கிறதே. நர்ஸ் வகை உயிரை நிரப்பும், உயிர்ப்பட்டையை நீட்டும். ஹேக்கர் எதிரியைப் பலவீனமாக்கும். சில எல்ஃப்கள் உயிரைச் சேர்த்து வைக்கும் சப் டேங்க்காகவே மாறும். கிரிஸ்டல் ஊட்டி வளர்த்து வைத்துக்கொண்டால் ஃபெஃப்னிரெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

நியோன்_கிளி:

தம்பி, ஆட்டத்தை முடிப்பது மட்டும்தான் குறி என்றால் நீ சொல்வது சரி. ஆனால் எல்ஃப் பயன்பாடு ரேங்க்கில் கழியும். மிஷன் முடிந்ததும் வரும் கணக்கில் நேரம், வீழ்த்திய எதிரிகள், வாங்கிய அடி, மறுமுயற்சி, எல்ஃப் எல்லாம் சேர்ந்துதான் கடைசியான எஃப் முதல் உச்சமான எஸ் வரை எழுத்து விழும். பயன்படுத்திய எல்ஃப் இறந்துவிடும், திரும்பாது. ஆட்டத்தின் தொடக்கத்திலேயே பாஸி என்கிற எல்ஃப் தன்னைக் கொடுத்துத்தான் ஜீரோவை எழுப்புகிறது. எல்ஃபைப் பயன்படுத்துவதென்றால் என்ன என்பதை ஒரு பட்டனும் அழுத்தாமலே காட்டிவிடுகிறார்கள். இந்த வரிசையில் இருக்கும் மிக நேர்த்தியான பயிற்சிக் காட்சி அதுதான் என்பேன்.

பச்சைவாள்:

ரேங்க் வெறும் பெருமைக்கா என்று அடுத்த கேள்வி வரும், அதற்கும் முன்பே பதில். முதல் ஆட்டத்தில் பெரும்பாலும் பெருமைதான். 2003இல் வந்த இரண்டாவதில் அது வாசல் சாவி ஆகிவிட்டது. ஸ்டேஜுக்குள் நுழையும்போது கையில் ஏ அல்லது எஸ் ரேங்க் இருந்தால்தான் பாஸ் தன் சிறப்புத் தாக்குதலைக் காட்டுவான். அவனை வீழ்த்தினால் அதை ஈஎக்ஸ் ஸ்கில்லாக ஜீரோ கற்றுக்கொள்வான். பி ரேங்க்கோடு நுழைந்தால் பாஸ் எளிது, ஸ்கில் இல்லை. அந்த மிஷன் மறுபடி வராது, ஆகவே விட்டது விட்டதுதான்.

இதில் நடக்கும் வழக்கமான விபத்து: ஒரு மிஷனைத் தட்டுத்தடுமாறி முடிப்பது, ரேங்க் இறங்கியதைக் கவனிக்காமல் சேமித்துவிடுவது, அடுத்த ஸ்டேஜுக்கு ஓடுவது. அங்கே பாஸ் விழுந்த பிறகுதான் ஸ்கில் வரவில்லை என்பது புரியும். மிஷன் முடிந்து எழுத்தைப் பார்த்த பிறகே சேமியுங்கள். ரேங்க் இறங்கியிருந்தால் சேமிக்காமல் பழைய பதிவுக்குத் திரும்பி அதே மிஷனை ஆடுங்கள்.

மிஷனில் தோற்று, தொடரவா கைவிடவா என்று கேட்கும்போது கைவிட்டால் சில மிஷன்கள் தோல்வி என்று பதிவாகிக் கதை அப்படியே நகர்ந்துவிடும். ஆட்டம் உங்களை நிறுத்தாது, எச்சரிக்கவும் செய்யாது. அதில் கிடைக்க வேண்டியது கிடைக்காமலேயே முடிவு வரை போகலாம்.

தொங்குபாலம்:

இரண்டாவதில் பாஸ்களைவிட அதிகப் பேரைக் கொன்றது செயின் ராட் என்கிற சங்கிலிக் கொக்கி ஆயுதம். மேலே எறிந்து கொக்கி மாட்டி, இடம் வலம் ஆடி, தாவல் பட்டனால் விட்டுப் பாய வேண்டும். இரண்டு இடத்தில் தவறும். ஒன்று, டேஷ் தாவலில் வந்துகொண்டே எறிவது. வேகத்தில் கொக்கிப் பரப்பைத் தாண்டிவிடுவீர்கள். நின்ற தாவலில் நேர் மேலே எறியுங்கள். இரண்டு, ஊசலின் உச்சிக்குப் போன பிறகு விடுவது; உச்சியில் முன்னோக்கிய வேகமே இருக்காது, நேரே கீழே குழிக்குள்தான். உச்சிக்குச் சற்று முன்பே விடுங்கள். ஊஞ்சலிலிருந்து குதித்த பிள்ளைகளுக்கு இது சொல்லாமலே தெரியும்.

காகிதராக்கெட்:

சரி, மூன்றாவதில் எல்ஃப் கணக்கு மாறிவிட்டதுதானே?

தொங்குபாலம்:

ஆமாம். 2004இல் வந்த மூன்றாவதில் சாட்டிலைட் எல்ஃப் வந்தது. கூடவே பறக்கும், சாகாது, ரேங்க்கிலும் கழியாது. இறந்துபோகும் பழைய வகைக்கு அங்கே ஃப்யூஷன் எல்ஃப் என்று பெயர், அதற்குக் கழிவு உண்டு. சைபர்ஸ்பேஸ் கதவும் அப்படியே: உள்ளே ஆட்டம் எளிதாகும், மதிப்பெண் குறையும். ஆயுத நிலை ஏற்றும் வேலை இல்லை, அந்த இடத்தைத் தலை, உடல், கால் சிப்கள் பிடித்துக்கொண்டன. மொத்தம் 180 ரகசிய டிஸ்க்குகள் தேட வேண்டும், அதில் உயரத்தில் இருப்பவற்றுக்கு ரீகாயில் ராட் உதவும்: சார்ஜ் செய்து கீழ்நோக்கி அடித்தால் சாதாரணத் தாவல் எட்டாத உயரத்துக்கு உந்தித் தள்ளும்.

கடைசி பாஸான ஒமேகாவுடன் நடக்கும் மோதலில் மேலிருந்து ஒளித்தூண்கள் இறங்கும்போது ஓடாதீர்கள். ஓடுகிறவரே அடுத்த தூணுக்குள் போய் நிற்கிறார். தூண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்துச் சின்னச் சின்ன நகர்வாக நகர்ந்தால் போதும்.

பச்சைவாள்:

நான்காவதில் ரேங்க் சாவியை எடுத்துவிட்டு வானிலையை வைத்தார்கள். ஸ்டேஜுக்குப் போகும் முன் வானிலையைத் தேர்ந்தெடுக்கலாம்; எளிய வானிலையில் போனால் பாதை சுகம், ஈஎக்ஸ் ஸ்கில் இல்லை. கடினமான வானிலையில் போய் பாஸை வீழ்த்தினால் ஸ்கில் உண்டு, ரேங்க் என்னவானாலும் சரி. எட்டு பாஸ் ஸ்டேஜுக்கும் இதே விதி. பழைய முறையைவிட இது நேர்மையானது என்பது என் கருத்து. முன்பு போன மிஷனில் செய்த பிழைக்கு இந்த மிஷனில் தண்டனை. இங்கே விலை என்ன என்பது வாசலிலேயே தெரிகிறது.

எல்ஃப் ஒன்றே ஒன்று, க்ருவா. கிரிஸ்டல் ஊட்டி நிலை ஏற்றலாம், வரம்புக்குள் பயன்படுத்தினால் கழிவு இல்லை. இசட் நக்கிள் என்கிற கை ஆயுதத்தால் எதிரியின் ஆயுதத்தைப் பிடுங்கலாம், குழாய்களில் தொங்கலாம். பிடுங்கும்போது எதிரிக்கு மிக அருகில் போக வேண்டும் என்பதால் முதலில் வாளால் அடித்து உயிரைக் குறைத்துவிட்டு, கடைசி அடியை நக்கிளால் கொடுங்கள்.

கடைசி பாஸான வைலின் இரண்டாம் உருவத்துக்கு நேரக் கெடு உண்டு. முதல் உருவத்திலேயே சப் டேங்க்கைத் தீர்த்தவர்கள் அங்கே ஒதுங்கி ஒதுங்கி ஆடுவார்கள், கெடு முடிந்துவிடும். டேங்க்கை அங்கே கொண்டுபோய், அடி வாங்கினாலும் பரவாயில்லை என்று ஒட்டி நின்று வெட்டுங்கள்.

இரும்புக்கை:

இப்போது ஆடத் தொடங்குபவர்களுக்கு: 2020இல் வந்த ஜீரோ/ஜெட்எக்ஸ் லெகசி கலெக்ஷனில் நான்கும் இருக்கின்றன, கூடவே அடுத்த தொடரான ஜெட்எக்ஸின் இரண்டு ஆட்டங்களும். சேவ் அசிஸ்ட் என்று இடைச் சேமிப்பு வசதி தந்திருக்கிறார்கள். பாஸ் அறையைப் பழக அது போதும்.

பழைய கேட்ரிட்ஜ் வாங்குபவர்கள் ஒட்டுச்சீட்டை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். போலிகள் பலவற்றில் சேமிப்பு உள்ளே இருக்கும் சின்னப் பட்டன் பேட்டரியை நம்பியிருக்கும். அது வடிந்தால் எஸ் ரேங்க்கோடு சேர்த்து எல்லாம் போகும். வாங்கும் இடத்திலேயே ஒருமுறை சேமித்து, கருவியை அணைத்து, கேட்ரிட்ஜைக் கழற்றிச் சில நிமிடம் வைத்து, மறுபடி போட்டுப் பாருங்கள்.

காகிதராக்கெட்:

குறித்துக்கொண்டேன் அண்ணே. முதல் ஆட்டத்தின் கடைசி பாஸ் காப்பி எக்ஸ் பற்றி யாருமே எழுதவில்லையே?

நியோன்_கிளி:

முதல் உருவத்தில் அவன் எலிமென்டை மாற்றிக்கொண்டே இருப்பான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் மெனுவைத் திறந்து சிப் மாற்றினால் கையின் தாளம் கெட்டுப்போகும். ஒரே சிப்போடு நின்று, தாவி வெட்டு, தரை தொடு, வெட்டு, வெட்டு, விலகு. டேங்க் இரண்டாம் உருவத்துக்கு.