அமுக்குவான் வந்தால் எப்படி எழுந்திருப்பீர்கள்?

பாயான் லெப்பாஸ் நைட் ஷிஃப்ட்:

நாலு வருடமாகப் பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில் வேலை. நாலு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு. இரவு ஏழு மணிக்கு உள்ளே போனால் காலை ஏழுக்குத்தான் வெளியே. ஃபேக்டரி பஸ் பிடித்துச் சுங்கை ஆரா பிளாட்டுக்கு வந்து, கீழே மாமாக் கடையில் பசியாறிவிட்டு, ஜன்னலில் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டுப் படுக்கும்போது எட்டரை ஆகிவிடும். இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அன்று பகல் பதினோரு மணி இருக்கும். கீழே ரொட்டிக்காரரின் மோட்டார் ஹாரன் கேட்டது. தினமும் அந்த நேரத்துக்கு வருவார், சில நாள் நானும் இறங்கிப் போய்க் காயா பன் வாங்குவேன். ஆக, விழித்துவிட்டேன். மேலே ஃபேன் சுற்றுவது தெரிகிறது. கறுப்புத் துணியின் ஓரத்தில் வெயில் ஒரு கோடாக விழுந்திருப்பது தெரிகிறது. எழுந்திருக்கலாம் என்று கையை ஊன்றப் போனால், கை வரவில்லை. மரத்துப்போன மாதிரியும் இல்லை. கை இருக்கிறது, போர்வை உரசுவது கூடத் தெரிகிறது, ஆனால் என் பேச்சைக் கேட்கவில்லை.

ஹாரன் சத்தம் நிற்காமல் நீண்டுகொண்டே போனது. ஃபேன் இரைச்சல் காதுக்குள்ளேயே வந்துவிட்டது. அப்போதுதான் கால்மாட்டில் ஒருவர் நிற்பதைப் பார்த்தேன். வெள்ளை ஜம்ப்சூட், தலையை மூடிய ஹூட், வாயில் மாஸ்க். ஃபேக்டரியில் தூசி நுழையக் கூடாத கிளீன் ரூமுக்குள் போகும்போது நாங்கள் போடுகிற அதே உடை. கண் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வெறும் இருட்டு. அவர் நடந்து வரவில்லை. கால்மாட்டில் இருந்தவர் அடுத்த நொடி என் நெஞ்சின் மேல் இருந்தார். நெல் மூட்டை ஏற்றி வைத்த கனம். மூச்சை இழுத்தால் பாதியிலேயே நின்றது. பக்கத்து அறையில் இருக்கும் நண்பனைப் பெயர் சொல்லிக் கத்தினேன், அதாவது கத்தியதாக நினைத்தேன். அவன் அடுப்படியில் சம்பால் வதக்கிக்கொண்டிருந்தானாம், ஒரு சத்தமும் கேட்கவில்லை என்று பிறகு சொன்னான். நெடியில் அவன் தும்மியதும் எல்லாம் சட்டென்று விட்டுப்போனது. பனியன் பிழிந்தால் தண்ணீர் சொட்டும் அளவுக்கு வியர்வை.

அன்று இரவு வேலையில் சொன்னேன். எங்கள் லைனில் இருக்கும் மலாய்க்கார அக்கா கொஞ்சம்கூட அசரவில்லை. "கெனா திண்டே லா" என்றார். கெனா திண்டே என்றால் அமுக்கப்படுவது. அவர்கள் ஓதுவதை ஓதுவார்களாம், நீ உன் சாமியைக் கூப்பிடு என்றார். சீன நண்பன், அவர்கள் இதைப் பேய் கட்டிலை அழுத்துவது என்பார்கள் என்றான். சுங்கை பட்டாணியில் இருக்கும் அம்மாவுக்குப் போன் செய்தால், "அமுக்குவான்டா. மல்லாக்கப் படுக்காதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? தலைமாட்டில் இரும்பு ஏதாவது வை" என்றார். பாக்குவெட்டிக்கு நான் எங்கே போவேன். ஸ்பேனர் வைத்தேன். இரண்டு வாரத்தில் மறுபடியும் வந்தது.

இது ஏன் வருகிறது என்பது அப்புறம். உங்களுக்கு வந்தபோது எப்படி அதிலிருந்து வெளியே வந்தீர்கள்? அதைச் சொல்லுங்கள்.

செந்தூல் அக்கா:

தம்பி, எனக்கு மூத்தவன் பிறந்து இருபதாவது நாள். பத்தியச் சாப்பாடு, மஞ்சள், உடம்பு வலி, இராத்திரியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால். விடியற்காலையில் பார்க்கிறேன், மாமியார் என் பக்கத்தில் இருந்து குழந்தையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போகிறார். எங்கே அத்தே என்று கேட்க வாய் வரவில்லை. கொலுசு போட்டிருந்தார். அவர் ஆயுசுக்கும் கொலுசு போட்டதில்லை, அதுகூட அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பிறகு எப்படியோ எழுந்து பார்த்தால் பிள்ளை பக்கத்திலேயே விரலைச் சப்பிக்கொண்டு கிடக்கிறான். மாமியார் அடுத்த அறையில் குறட்டை. நடக்கவில்லை என்று எனக்கே தெரியும். ஆனாலும் ஒரு வாரம் அவரிடம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. பாவம், கஷாயம் கசக்கிறதோ என்று அவர் தினமும் வெல்லத்தைக் கூட்டிக்கொண்டே போனார். இன்றுவரை காரணத்தைச் சொல்லவில்லை.

எழுந்தது எப்படி என்று கேட்டீர்கள். பிள்ளை அழுதான், எழுந்தேன். வேறு வித்தை ஒன்றும் தெரியாது.

பட்டர்வொர்த் பென்ஷன்காரர்:

நான் கெடாவில் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். லயத்து வீட்டில் ஒரே அறையில் ஏழு பேர் படுப்போம். பாட்டி ஒரு வைத்தியம் சொல்லி வைத்திருந்தார்: அமுக்குவான் உட்கார்ந்தால் அவனோடு மல்லுக்கு நிற்காதே, கத்தாதே, கால் பெருவிரலை மட்டும் ஆட்டு. அவன் நெஞ்சில் உட்கார்ந்திருப்பதால் காலைக் கவனிக்க மாட்டானாம். சின்ன வயதில் இரண்டு மூன்று முறை செய்து பார்த்திருக்கிறேன், வேலை செய்தது. தம்பி இதை முயன்று பாருங்கள்.

எனக்கு இப்போது நடப்பது வேறு. தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கூப்பிடும் இடத்துக்கு, ஆட்களை எழுப்ப ஓர் இரும்புத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டு அடிப்பார்கள். டங், டங் என்று லயம் முழுக்க அதிரும். அம்மா எழுந்து விளக்கைக் கொளுத்துவார், அப்பா பால்வெட்டும் கத்தியைத் தீட்டுவார். நாங்கள் தோட்டத்தை விட்டு வந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள், பிறகு அதையும் வெட்டி வீடு கட்டிவிட்டார்கள். ஆனால் மாதத்தில் ஓரிரு நாள், விடியற்காலையில் விழிப்பு வரும் அந்த நேரத்தில், டங் என்ற சத்தம் தெளிவாகக் கேட்கும். கனவு மாதிரி மங்கலாக இல்லை. இரும்பு அடித்து ஓய்ந்த பிறகு காற்றில் நிற்கும் அந்த ரீங்காரம் வரை கேட்கும்.

போன வருடம் ஒரு நாள் எழுந்து, சட்டையை மாட்டி, டார்ச் லைட்டைக் கையில் எடுத்துக் கதவுவரை போய்விட்டேன். பத்தாவது மாடி பிளாட். என் மனைவி படுத்தபடியே, "எங்கே, பால்மரத்துக்கா?" என்று கேட்டாள். அவளும் தோட்டத்துக்காரிதான். இருவரும் டீ போட்டுக் குடித்தோம். பயம் எதுவும் இல்லை, அந்தச் சத்தம் வராத மாதங்களில் கொஞ்சம் ஏக்கமாகக்கூட இருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸ் வாடகை அறை:

பேயெல்லாம் சும்மா. மல்லாக்கப் படுக்காமல் ஒருக்களித்துப் படுங்கள், சரியாகிவிடும்.

கேஎல் டாக்டரம்மா:

மேலே ஒரு வரியில் முடித்தவர் சொன்னதில் பாதி சரிதான். மல்லாந்து படுப்பவர்களுக்கு இது கூடுதலாக வருகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. பாயான் லெப்பாஸ் தம்பியின் அம்மா ஆய்வு எதையும் படிக்காமலே அதைச் சொல்லியிருக்கிறார். எனக்குப் பிடித்த இடம் அதுதான். இரும்பு விஷயத்தில் மட்டும் அம்மாவோடு நான் சேர மாட்டேன்.

நடப்பது இதுதான். 1953ல் சிகாகோவில் அசரின்ஸ்கி, கிளைட்மேன் என்ற இருவர், தூங்கும்போது கண்கள் வேகமாக அசையும் ஒரு கட்டம் இருப்பதைக் கண்டு எழுதினார்கள். அதை ரெம் உறக்கம் என்கிறோம். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான் வரும். கனவில் ஓடுவதற்குக் கட்டிலிலும் ஓடிவிடக் கூடாதல்லவா, அதனால் மூளைத்தண்டு உடம்பின் தசைகளை அந்த நேரத்தில் தளர்த்திப் போட்டு வைக்கிறது. கண்ணை அசைக்கும் தசையும் மூச்சுக்கான உதரவிதானமும்தான் இதற்கு முக்கிய விலக்கு. சில சமயம் புத்தி விழித்துவிடும், இந்தப் பூட்டு மட்டும் திறக்காது. கனவும் முழுதாக விலகியிருக்காது. அறை உண்மை, ஃபேன் உண்மை, ரொட்டிக்காரர் உண்மை, அதே அறைக்குள் கனவிலிருந்து ஓர் ஆள் நிற்கிறார். 1928ல் வில்சன் என்ற நரம்பியல் மருத்துவர் இதற்கு உறக்க வாதம் என்ற பொருளில் பெயர் வைத்தார்.

நெஞ்சில் கனம் ஏன்? நெஞ்சுக்கூட்டுத் தசைகள் தளர்ந்திருப்பதால் ஆழமாக மூச்சிழுக்க முயன்றால் வராது. வராததும் பயம், பயந்ததும் இன்னும் இழுக்கிறோம். மூச்சு நின்றுவிடாது, உதரவிதானம் அதன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டுதான் இருக்கும். அதை நம்பி மூச்சை அதன் போக்கில் விட்டுவிட்டு ஒரே ஒரு விரலில் கவனம் வைப்பது நல்ல வழி. பென்ஷன் ஐயாவின் பாட்டிக்கு என் வணக்கம்.

இது அபூர்வமான வியாதி இல்லை. 2011ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பொதுமக்களில் 7.6 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது வந்திருக்கிறது. மாணவர்களில் 28.3 சதவீதம். தூக்கம் கெட்டவர்கள், ஷிஃப்ட் மாறி மாறிப் போகிறவர்கள், பிள்ளை பெற்ற தாய்மார்கள் என்று பட்டியலை உங்கள் கதைகளே போட்டுவிட்டன. ஆனால் பகலில் பேச்சுக்கு நடுவே தூங்கி விழுவது, வாய்விட்டுச் சிரித்தால் முழங்கால் மடங்கிப்போவது, இவையும் சேர்ந்து வந்தால் டாக்டரைப் பாருங்கள். அது வேறு நோயாக இருக்கலாம்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். டாக்டருக்குப் படித்து முடித்ததும் ஆஸ்பத்திரியில் செய்யும் ஹவுஸ்மேன் பயிற்சியில், தூங்கி எத்தனை நாள் ஆயிற்று என்று எண்ண முடியாத காலம். கண் அசரும் நேரத்தில் ஒரு நர்ஸின் குரல், "டாக்டர், பதினாலாம் கட்டில்" என்று காதருகில் சொல்லும். எழுந்து ஓடியிருக்கிறேன். அது என் வீடு, பதினாலாம் கட்டில் ஏது? இன்னொரு நாள் எல்ஆர்டி ரயிலில், மஸ்ஜித் ஜாமெக் வரும் முன் கண் சொக்கி, படியில் கால் தவறி விழுவதுபோல் இருந்தது. உதறிய உதறலில் எதிரே நின்ற ஓர் அம்மாவின் பையில் இருந்த முருங்கைக்காய் ரயில் பெட்டி முழுக்கச் சிதறியது. அவர் என் வெள்ளைக் கோட்டைப் பார்த்துவிட்டு, "தூங்கும்மா, நானே பொறுக்கிக்கிறேன்" என்றார்.

கோலக்காரன்:

பயங்கரத்துக்கு நடுவில் ஓர் அழகானதும் இருக்கட்டுமே. தீபாவளிக்கு முன்பு ஷாப்பிங் மால்களில் பெரிய அரிசிக் கோலம் போடுவார்கள் அல்லவா, அந்தக் குழுக்களில் நானும் இருக்கிறேன். புக்கிட் பிந்தாங் பக்கம் ஒரு மாலில், கடை மூடிய பிறகு ஆரம்பித்து விடியும்வரை முட்டி போட்டபடி வேலை. சாயம் தோய்த்த அரிசியைச் சிட்டிகை சிட்டிகையாக விட வேண்டும். வீட்டுக்குப் போய்க் கண்ணை மூடினால் கோலம் இமைக்குள் தன்னைத்தானே போட்டுக்கொள்ளும். நான் ஒன்றும் செய்ய வேண்டாம். மயில் கழுத்து நீலம் ஓடி வந்து நிரம்பும், இதழ் இதழாக விரியும். மறுநாள் உண்மையிலேயே நான் போட்டதைவிட அது நன்றாக இருக்கும். இரண்டு முறை அதைப் பார்த்துத் திருத்தியும் இருக்கிறேன்.

இதற்கும் ஆராய்ச்சி இருக்கிறது. 2000ல் அமெரிக்காவில் 27 பேரை டெட்ரிஸ் விளையாட வைத்தார்கள். தூக்கம் வரும் நேரத்தில் 17 பேருக்குக் கட்டைகள் விழுவது கண்ணுக்குள் தெரிந்தது. ஞாபகமறதி நோயாளிகள் சிலரும் அதில் இருந்தார்கள். விளையாடியதே அவர்களுக்கு நினைவில்லை, ஆனால் அவர்களில் மூவருக்குக் கட்டைகள் தெரிந்தன. இதைப் படித்த நாளிலிருந்து ஒரு விஷயம் என்னை விடவில்லை. எங்கள் அப்பாயிக்குக் கடைசிக் காலத்தில் யாரையும் அடையாளம் தெரியாது. கண்ணை மூடியபடி ஆள்காட்டி விரலாலும் கட்டைவிரலாலும் போர்வையில் எதையோ விட்டுக்கொண்டே இருப்பார். வியாதி என்று சொன்னார்கள். புள்ளி வைக்கிறார் என்று அப்போதே எனக்குத் தோன்றியது.

பாயான் லெப்பாஸ் நைட் ஷிஃப்ட்:

எல்லோருக்கும் நன்றி. செய்தி ஒன்று இருக்கிறது. புதன்கிழமை வந்தான்.

ஒருக்களித்துத்தான் படுத்தேன், தூக்கத்தில் எப்படியோ மல்லாந்துவிட்டிருக்கிறேன். அதே வெயில் கோடு, அதே வெள்ளை உடை. டாக்டரம்மா சொன்ன மாதிரி மூச்சோடு சண்டை போடவில்லை. பென்ஷன் ஐயாவின் பாட்டி சொன்னபடி கால் பெருவிரலை நினைத்தேன். விரல் கால்மாட்டில்தானே இருக்கிறது, அதனால் பார்வையும் அந்தப் பக்கம் போனது. அவன் இன்னும் நெஞ்சுக்கு வரவில்லை, அங்கேதான் நின்றான். காலைப் பார்த்தேன். மேலே ஹூட், மாஸ்க், கையுறை எல்லாம் சரியாகப் போட்டிருக்கிறான், கீழே மட்டும் ரப்பர் வார் வைத்த ஜப்பான் சிலிப்பர்.

கிளீன் ரூமுக்குள் அப்படி ஒருவன் வந்தால் எங்கள் சூப்பர்வைசர் வாசலிலேயே பிடித்து வெளியே தள்ளுவார். பயத்துக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு முதலில் வந்ததா, விரல் முதலில் ஆடியதா என்று தெரியாது. கண்ணைக் கொட்டினேன், யாரும் இல்லை. மணி பதினொன்று இருபது. கீழே போய்ப் பார்த்தேன், ரொட்டிக்காரர் போய்விட்டிருந்தார்.

செந்தூல் அக்கா:

சிலிப்பர் நீல வாரா தம்பி? எங்கள் வீட்டு வாசலில் இருந்த ஜோடியை இரண்டு நாளாகக் காணவில்லை.